கட்டிடங்களும் உடல் இதமும்: ஒளி, காற்று, வெப்பம்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்று அடிப்படைத் தேவைகளுள் உறையுளைப் பற்றிய திட்டங்கள் பெரும்பாலும் எண்ணிக்கையைக் கொண்டே அளவிடப்படுகின்றன. எத்தனை வீடுகள் கட்டப்பட்டன, எத்தனை வகுப்பறைகள் எழுப்பப்பட்டன, எவ்வளவு தொகை செலவிடப்பட்டது என்ற விவரங்கள் அறிக்கைகளில் இடம்பெறுகின்றன. ஆனால், கட்டி முடிக்கப்பட்ட வீட்டில் மே மாதப் பிற்பகலில் ஒரு குழந்தை உறங்க முடியுமா, மேகமூட்டமான நாளில் வகுப்பறையின் உட்சுவரை ஒட்டி அமர்ந்துள்ள மாணவனுக்கு எழுத்துத் தெளிவாகத் தெரியுமா, மருத்துவ நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் காற்று மாறுகிறதா என்ற வினாக்களுக்கு அவ்வறிக்கைகளில் விடை கிடைப்பதில்லை. கட்டிடத்தின் உண்மையான பயன் இவ்வினாக்களுக்கான விடையில்தான் அடங்கியுள்ளது.

இது வெறும் சொகுசு பற்றிய செய்தியன்று. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத் நகரின் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸை எட்டியது. அம்மாதத்தில் அந்நகரில் வழக்கத்தைவிட 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று பின்னர் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கடும் வெப்பம் வெயிலில் உழைப்போரை மட்டுமன்றி, வீட்டினுள் இருக்கும் முதியோர், நோயாளிகள், கைக்குழந்தைகள் ஆகியோரையும் தாக்குகிறது. இரவிலும் வீடு தணியாதபோது உடலுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. குளிர்சாதனம் வாங்க இயலாத குடும்பத்திற்குக் கூரையும் சுவரும் ஜன்னலுமே பாதுகாப்பு. அவை எவ்வாறு அமைய வேண்டும் என்பது கட்டிட வரைபடம் தீட்டப்படும்போதே பெரும்பாலும் முடிவாகி விடுகிறது.

உடலும் சூழலும்

மனித உடல் தன் உள்வெப்பநிலையை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் அளவில் காத்துக்கொள்கிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவருடைய உடலிலிருந்து சுமார் 100 வாட் அளவுக்கு வெப்பம் இடைவிடாமல் வெளியேறுகிறது. ஒரு கூடத்தில் 40 பேர் அமர்ந்திருந்தால், அங்கு 4 கிலோவாட் ஆற்றலுள்ள அடுப்பு எரிவதற்கு அது ஒப்பாகும். இவ்வெப்பம் மூன்று முக்கிய வழிகளில் உடலை விட்டு நீங்குகிறது. சுற்றியுள்ள காற்றுக்குச் செல்வது ஒன்று. சுற்றியுள்ள சுவர், கூரை ஆகியவற்றை நோக்கிக் கதிர்வீச்சாகச் செல்வது மற்றொன்று. வியர்வை ஆவியாவது மூன்றாவது. காற்றும் சுவரும் தோலைவிடச் சூடானால் முதல் இரு வழிகளும் அடைபட்டு, வியர்வை ஒன்றே துணையாக நிற்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் அவ்வழியும் குறுகிவிடும்.

எனவே, அறையின் இதத்தை வெப்பமானி காட்டும் ஓர் எண்ணைக் கொண்டு மட்டும் கூற இயலாது. காற்றின் வெப்பநிலை, சுற்றுப்பரப்புகளின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகிய நான்கும் அதில் பங்கு பெறுகின்றன. அணியும் உடையும் செய்யும் வேலையும் இவற்றுடன் சேரும். நண்பகலில் தகரக் கூரையின் கீழ் நிற்பவருக்கும், அதே வெப்பநிலையுள்ள காற்றில் மர நிழலில் நிற்பவருக்கும் உணர்வு வேறுபடுவது இதனால்தான்.

1947ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட ரூர்க்கி மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி ஆற்றியுள்ளது. இந்திய மக்களின் உணர்வை அடிப்படையாகக் கொண்டு அந்நிலையம் உருவாக்கிய வெப்பமண்டலக் கோடைக் குறியீட்டின்படி, 25 முதல் 30 டிகிரி வரையுள்ள நிலை இதமானதாகக் கொள்ளப்படுகிறது. காற்று விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசினால், இக்குறியீடு சுமார் 2 டிகிரி குறைகிறது.

பின்னர் 2014ஆம் ஆண்டில் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், அலுவலகக் கட்டிடங்களில் நடத்திய கள ஆய்வின் அடிப்படையில், வெளிச்சூழலுக்கு ஏற்ப மக்களின் இதநிலை மாறுவதைக் கணக்கிடும் முறையை வகுத்தது. இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டிடங்களில், வெளியில் நிலவும் சராசரி வெப்பநிலை 30 டிகிரியாக இருக்கும் காலத்தில், உள்ளே சுமார் 29 டிகிரியை மக்கள் நடுநிலையானதாக ஏற்கின்றனர் என்று அம்முறை காட்டுகிறது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பில் இது இடம்பெற்றது. குளிர்நாடுகளில் வகுத்த அளவுகளை அப்படியே பின்பற்றி, இந்நாட்டு அலுவலகங்களை 20 அல்லது 22 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டியதில்லை என்பது இதனால் புலனாகும்.

ஐந்து மண்டலங்கள்

இந்தியா முழுமைக்கும் ஒரே வகை வீடு பொருந்தாது. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஜோத்பூர், அகமதாபாத் ஆகியவை வெப்பமும் வறட்சியும் மிக்க மண்டலத்தைச் சேர்ந்தவை. சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகியவை வெப்பமும் ஈரமும் மிக்கவை. பெங்களூர் மிதமானது, லே குளிர் மண்டலம். வறண்ட கோடை, ஈரமான மழைக்காலம், குளிர்ந்த பனிக்காலம் ஆகிய மூன்றையும் ஓராண்டுக்குள் காணும் தில்லி கலப்பு மண்டலத்தைச் சேர்ந்தது.

முன்னோர் இவ்வேறுபாட்டை அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஜெய்சால்மரின் பழைய மாளிகைகள் தடித்த மணற்கல் சுவர்களையும், குறுகிய தெருக்களின் நிழலையும், உள்முற்றங்களையும் கொண்டவை. பகல் வெப்பத்தைச் சுவர் தன்னுள் ஏற்றுக்கொண்டு, அது உட்புறத்தை எட்டுவதற்குள் மாலையாகிவிடும். இரவின் குளிர்ந்த காற்று அவ்வெப்பத்தைக் கழுவிச் செல்லும். கேரளத்தின் வீடுகளோ சரிந்த ஓட்டுக் கூரையும், சுவரை மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்கும் நீண்ட இறவாரமும், காற்று ஊடுருவும் தாழ்வாரமும் கொண்டவை. இரவும் பகலும் வெப்பநிலை அதிகம் மாறாத கடற்கரைப் பகுதியில் தடித்த சுவரால் பெரும்பயன் இல்லை; காற்றும் நிழலுமே அங்குத் துணை. ஒரு மண்டலத்தின் வீட்டு வரைபடத்தை மற்றொன்றில் அப்படியே கட்டினால் இரண்டின் நன்மையும் கிட்டாமற்போகும்.

கதிரவனின் பாதையும் நிழலும்

கட்டிடத்தை எத்திசை நோக்கி அமைப்பது என்பது கூடுதல் செலவின்றி எடுக்கக்கூடிய முடிவாகும். தில்லியில் ஜூன் 21ஆம் நாள் நண்பகலில் கதிரவன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 85 டிகிரி உயரத்தில், அதாவது தலைக்கு மேல் நிற்கிறது. டிசம்பர் 21ஆம் நாள் அதன் உயரம் சுமார் 38 டிகிரி மட்டுமே. 1.2 மீட்டர் உயரமுள்ள தெற்கு ஜன்னலின் மேல், சன்ஷேடு எனப்படும் வெயில் மறைப்பை 60 சென்டிமீட்டர் அகலத்தில் அமைத்தால், கோடை நண்பகலில் அந்த ஜன்னல் முழுவதும் நிழலில் இருக்கும். குளிர்கால நண்பகலில் அதன் பாதிக்கும் மேற்பட்ட பகுதியில் வெயில் படும். வேண்டாத காலத்தில் வெயிலைத் தடுக்கவும், வேண்டும் காலத்தில் வரவேற்கவும் ஒரே சிறு பலகை போதுமானதாகிறது.

கிழக்கும் மேற்கும் அவ்வாறு அல்ல. காலையிலும் மாலையிலும் கதிரவன் தாழ்ந்து நிற்பதால், மேலே அமைக்கும் மறைப்பு அதைத் தடுக்காது. குறிப்பாக, மேற்குச் சுவர் நாளின் மிக வெப்பமான நேரத்தில் வெயிலை நேராக ஏற்கிறது. ஆகவே, நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கவும், குறுகிய பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்கவும் கட்டிடத்தை அமைப்பது சிறந்தது. மேற்கில் படிக்கட்டு, கழிப்பறை, பண்டக அறை போன்றவற்றை வைத்தல், மரம் வளர்த்தல், செங்குத்தான தடுப்புகளையோ சல்லடைச் சுவரையோ எழுப்புதல் ஆகியவை துணை செய்யும். சென்னை போன்ற தென்னக நகரங்களில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் கதிரவன் வடபுறமாக நிற்பதால், அங்கு வடக்கு ஜன்னலுக்கும் மறைப்பு தேவை என்பதை மறத்தலாகாது.

கூரையே முதற்படி

ஒரு தள வீட்டில் வெப்பம் நுழையும் பெருவாயில் கூரையே. தெளிந்த கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரையின்மேல் ஏறத்தாழ 1,000 வாட் கதிராற்றல் விழுகிறது. பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் குறைந்த அளவாக வகுக்கப்பட்ட 25 சதுர மீட்டர் வீட்டின்மீது அந்நேரத்தில் விழுவது சுமார் 25 கிலோவாட் ஆகும். இதில் எவ்வளவு திருப்பி அனுப்பப்படுகிறது, எவ்வளவு உள்ளே கடத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே அவ்வீட்டாரின் பிற்பகலும் இரவும் அமையும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் வீடுகளுள் ஏறத்தாழ 16 சதவீதம் உலோகத் தகடு அல்லது கல்நார்த் தகட்டுக் கூரையையும், சுமார் 29 சதவீதம் கான்கிரீட் கூரையையும் கொண்டிருந்தன. தகடு வெயில் ஏறியவுடனே சூடாகி, கீழே இருப்போர்மீது வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. கான்கிரீட் தளம் பகலில் மெல்லச் சூடேறி, குடும்பத்தினர் உறங்கும் வேளையில் அவ்வெப்பத்தை வெளியிடுகிறது. முன்னதைவிடப் பின்னது உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் காப்பு எதுவுமின்றி விடப்பட்டால் அது குளிர்ந்த வீடாக ஆகிவிடாது.

இதற்கான தீர்வுகள் எளியவை. கூரையின் மேற்பரப்பைச் சுண்ணாம்பு அல்லது வெயிலைத் திருப்பும் வெண்பூச்சால் மூடுவது முதலாவது. இப்பூச்சில் தூசு படிந்தால் பயன் குறையுமாதலால், அவ்வப்போது கழுவிப் புதுப்பிக்க வேண்டும். தளத்தின்மேல் வெப்பக் காப்புப் படலம் அமைப்பது இரண்டாவது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, அதன்மேல் தட்டோடு பதிக்கும் முறை தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கூரைக்கு அடியில் காற்று இடைவெளி விட்டு மற்றொரு மேற்கட்டி அமைப்பது தகட்டுக் கூரைக்கு ஏற்றது.

2013ஆம் ஆண்டில் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்த அகமதாபாத் மாநகராட்சி, 2017இல் குளிர்கூரை முயற்சியையும் அதனுடன் இணைத்தது. தெலங்கானா அரசு 2023இல் அறிவித்த ஐந்தாண்டுக் குளிர்கூரைக் கொள்கை, 2028ஆம் ஆண்டுக்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரைப்பரப்பை இம்முறைக்குக் கொண்டுவருவதை இலக்காகக் கொண்டது.

சுவர்களிலும் சிக்கனமும் காப்பும் ஒருங்கே அமையலாம். கேரளத்தில் பணியாற்றிய கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில், செங்கற்கள் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கப்படுவதால் சுவரினுள் காற்றறைகள் உண்டாகின்றன. செங்கல் செலவு ஏறத்தாழ கால்பங்கு குறைவதுடன் வெப்பம் கடத்தப்படுவதும் குறைகிறது.

காற்றோட்டம்

காற்றோட்டத்தின் பணிகள் மூன்று. மூச்சுக்காற்றையும் கிருமிகளையும் அடுப்புப் புகையையும் வெளியேற்றி நல்ல காற்றைக் கொணர்வது ஒன்று. வியர்வையை ஆற்றி உடலைக் குளிர்விப்பது இரண்டு. இரவில் சுவர்களையும் தளத்தையும் குளிர்விப்பது மூன்று. காசநோய் போன்று காற்றின் வழியே பரவும் நோய்களைத் தடுப்பதில் முதற்பணி இன்றியமையாதது. மருத்துவ நிலையங்களின் காத்திருப்புக் கூடங்களைத் திட்டமிடுவோர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஒரே சுவரில் பெரிய ஜன்னல் வைப்பதால் மட்டும் காற்று ஓடாது. நுழையும் வழியும் வெளியேறும் வழியும் எதிரெதிராகவோ அடுத்தடுத்த சுவர்களிலோ இருத்தல் வேண்டும். காற்று வெளியேறும் வழி அடைபட்டால், நுழையும் வழி எவ்வளவு அகன்றிருப்பினும் பயனில்லை. நுழைவாயில் அமர்ந்தோ படுத்தோ இருப்பவரின் மட்டத்தில் அமைந்தால்தான் காற்று உடலில் படும். தலைக்கு மேல் செல்லும் காற்று அறையை மாற்றுமேயன்றி ஆளைக் குளிர்விக்காது. கூரையருகே அமையும் திறப்பு, மேலெழும் சூடான காற்றை வெளியேற்றுகிறது. 1960களின் தொடக்கத்தில் கட்டிடக் கலைஞர் சார்லஸ் கொரியா அகமதாபாத்தில் அமைத்த குழாய் வீடு, இக்கோட்பாட்டைக் குறைந்த செலவு வீட்டிற்குப் பயன்படுத்தியது. சரிந்த கூரையின் வழியே சூடான காற்று உயர்ந்து உச்சியில் வெளியேற, கீழே புதிய காற்று நுழையுமாறு அது வடிவமைக்கப்பட்டிருந்தது.

வறண்ட மண்டலத்தில் காற்று எந்நேரமும் நன்மையே செய்யும் என்று கருதுதல் தவறு. தோலின் வெப்பநிலையை விஞ்சிய அனற்காற்று உடலுக்கு வெப்பத்தையே தருகிறது. அங்குப் பகலில் ஜன்னல்களை மூடி நிழலிட்டு, இரவில் திறந்து வைப்பதே முறை. நனைந்த வெட்டிவேர்த் தட்டியும், அதன் கோட்பாட்டில் இயங்கும் நீர்க்குளிர்விப்பானும் வறண்ட காற்றில் சிறப்பாகப் பயன்படும். ஈரம் நிறைந்த கடற்கரை நகரங்களில் அவற்றின் பயன் குறைவு.

ஒளி

பகலில் விளக்கேற்றிப் பயிலும் வகுப்பறையும், விளக்கின்றி இயங்காத அலுவலகமும் கட்டிட அமைப்பின் குறையைக் காட்டுபவை. இந்திய நிலைமைக்கு வானொளியின் அளவு 8,000 லக்ஸ் எனக் கொண்டு கணக்கிடுவது வழக்கம். அதில் 2 சதவீதம் மேசையை எட்டினால் 160 லக்ஸ் கிடைக்கும். நேர்வெயில் இதில் சேராது. அது கண்ணைக் கூசச் செய்வதுடன் வெப்பத்தையும் கொணரும். தேவைப்படுவது வானத்திலிருந்து பரவி வரும் ஒளியாகும்.

ஒளி அறையினுள் செல்லும் ஆழம் ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தது. அவ்வுயரத்தைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தொலைவுவரைதான் பயன்தரத்தக்க ஒளி எட்டும். எனவே, ஆழமான அறைக்கு இருபுறமும் ஜன்னல் தேவை. மேற்கூரையின் உட்புறத்திற்கும் சுவர்களுக்கும் வெளிர்நிறம் பூசினால், கிடைக்கும் ஒளி அறையெங்கும் பரவும்.

ஒளியும் வெப்பமும் ஒரே ஜன்னல் வழியே வருவன என்பதால் இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியுள்ளது. சுவரெங்கும் கண்ணாடி பொருத்திய அலுவலகங்களில் கூசும் ஒளியைத் தடுக்கத் திரையிட்டு, பின்னர் பகலிலேயே மின்விளக்கை ஏற்றி, கண்ணாடி வழி வந்த வெப்பத்தை நீக்க மேலும் மின்சாரம் செலவிடப்படுவதைக் காணலாம். அளவான, நிழலிடப்பட்ட ஜன்னல் இம்மூன்று செலவுகளையும் தவிர்க்கும்.

குளிர் மண்டலத்தில் நோக்கம் நேர்மாறாகிறது. லடாக்கில் குளிர்காலம் கடுமையானது. ஆனால் வெயில் தெளிவானது. தெற்கு நோக்கிய கண்ணாடிப் பரப்பும், வெப்பத்தைச் சேமிக்கும் தடித்த மண்சுவரும், மற்றப் பக்கங்களில் நல்ல காப்பும் கொண்டு அங்கு எழுப்பப்பட்ட கட்டிடங்கள் கதிரவனைக் கொண்டே கதகதப்பைப் பெறுகின்றன. லே நகருக்கு அருகிலுள்ள செக்மோல் கல்வி வளாகம் இதற்கு நன்கறியப்பட்ட சான்றாகும்.

குளிர்சாதனமும் அதன் எல்லையும்

குளிர்சாதனம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. மருத்துவமனை, ஆய்வுக்கூடம் போன்றவற்றிற்கும், கடும் வெப்ப அலைக் காலத்திற்கும் அது தேவை. எனினும், அது அறையின் வெப்பத்தை அழிப்பதில்லை. தான் உண்ணும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்துத் தெருவுக்கு அனுப்புகிறது. நெருக்கமான குடியிருப்பில் ஒரு வீட்டின் குளிர்ச்சி அடுத்த வீட்டின் வெப்பமாகிறது.

மத்திய அரசு 2019 மார்ச் மாதத்தில் வெளியிட்ட இந்தியக் குளிர்ச்சிச் செயல்திட்டம், அப்போது சுமார் 8 சதவீத வீடுகளில் மட்டுமே குளிர்சாதனம் இருந்ததாகக் குறிப்பிட்டது. 2037-38ஆம் ஆண்டுக்குள் பல்வேறு துறைகளின் குளிர்ச்சித் தேவையை 20 முதல் 25 சதவீதம் வரையும், குளிர்ச்சிக்கான ஆற்றல் தேவையை 25 முதல் 40 சதவீதம் வரையும் குறைப்பது அதன் இலக்கு. அனைவருக்கும் வெப்ப இதம் கிட்டச் செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2020 ஜனவரி முதல், அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியில் இயங்கத் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. ஒவ்வொரு டிகிரி உயர்விற்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது ஆற்றல் திறன் செயலகத்தின் மதிப்பீடு.

விதிகளும் இடைவெளியும்

விதிகளுக்குக் குறைவில்லை. வணிகக் கட்டிடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு 2007இல் வெளியாகி, 2017இல் திருத்தப்பட்டது. குடியிருப்புகளுக்கான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018இல் வெளிவந்தது. கூரை வழியே கடத்தப்படும் வெப்பம், ஒரு சதுர மீட்டருக்கும் ஒரு டிகிரி வேறுபாட்டிற்கும் 1.2 வாட்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. காப்பற்ற கான்கிரீட் தளம் இதனைப்போல் இரு மடங்குக்கும் மேலாகக் கடத்தும். திறக்கக்கூடிய ஜன்னற்பரப்பு, தரைப்பரப்பில் ஈர வெப்ப மண்டலத்தில் ஆறில் ஒரு பங்கும், வறண்ட மண்டலத்தில் பத்தில் ஒரு பங்கும் இருக்க வேண்டும் எனவும் அது கூறியது. அதாவது, 12 சதுர மீட்டர் அறைக்குக் கடற்கரையில் 2 சதுர மீட்டர்; பாலைப் பகுதியில் 1.2 சதுர மீட்டர்.

ஆனால், 2018ஆம் ஆண்டுத் தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளைக் கருதியே வகுக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புத் திருத்தச் சட்டம் குடியிருப்புகளையும் உள்ளடக்கியதெனினும், பொதுவாக 100 கிலோவாட் மின்சுமையுள்ள பெருங்கட்டிடங்களையே நோக்கியது. இரண்டு சென்ட் மனையில் எழும் வீடும், தகட்டுக் கூரையின் கீழ் நடக்கும் பட்டறையும் இவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றன. வெப்பத்தால் மிகுதியும் துன்புறுவோர் எவரோ, அவருடைய இருப்பிடத்தையே விதி எட்டவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பப் புதிய சட்டத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசு நிதியால் எழும் வீடு, பள்ளி, அங்கன்வாடி, சுகாதார நிலையம் ஆகியவற்றின் வரைபடத்தை ஏற்கும் பொறியாளர் நான்கு வினாக்களை எழுப்பினால் போதும். நீண்ட சுவர்கள் எத்திசையை நோக்குகின்றன? கூரைக்கு வெண்பூச்சோ வெப்பக் காப்போ மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டுள்ளதா? ஒவ்வோர் அறைக்கும் காற்று நுழையவும் வெளியேறவும் தனித்தனி வழி உள்ளதா? ஜன்னல்களுக்குத் திசைக்கேற்ற நிழல் உண்டா? இவற்றுள் முதல் வினாவிற்குச் செலவே இல்லை; மற்றவற்றிற்கான செலவு கட்டிடத்தின் மொத்த மதிப்பில் சிறு பகுதியே. கட்டி முடித்தபின் திசையை மாற்ற எவராலும் இயலாது. ஒருமுறை எழும் வீட்டில் ஒரு குடும்பம் பல கோடைகளைக் கழிக்க இருப்பதால், வரைபடத்தில் செலவிடும் அரைமணி நேரக் கவனம் நாட்டின் மின்சாரத்தையும் மக்களின் உடல்நலத்தையும் ஒருங்கே காக்கும்.